எலுமிச்சம்பழம் கேட்ட டீச்சர்

உக்காருங்கக்கா, உக்காருங்க. பையை நான் மடியில வச்சுக்கிறேன். மூணு பேர் சீட்டுதான் இது. எம்மக ஜன்னலோரம் ஒடுங்கி உக்காந்துக்கிருவா, நீங்க நடுவுல நல்லா உக்காருங்க. சாத்தூர் போற வரைக்கும் இந்த வண்டியில கூட்டம் இப்படித்தான் நெருக்கும்.

இப்ப என்னமோ கேட்டாளே உங்ககிட்ட, என்ன கேட்டா? நான் கண்டக்டர்ட்ட டிக்கெட் வாங்கிக்கிட்டு இருந்தேன், சரியா காதுல விழுகல. மரமெல்லாம் பின்னால ஓடுது, மலை மட்டும் ஏன் கூடவே வருதுன்னா? அம்புட்டுத்தானா? வேற ஒண்ணும் கேக்கலையே? என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?

தப்பா எடுத்துக்கிறாதீங்க. நீங்க டீச்சர் வேலை பாக்கலைல்ல? கண்ணாடி போட்டிருக்கீங்க, தோள்ல பை மாட்டியிருக்கீங்க, அதான் கேட்டேன். மருந்துக் கடையிலயா? அப்பச் சரி. டீச்சரா இருந்தா நான் எந்திரிச்சு முன்னால போயிருப்பேன். எனக்குச் சந்தேகப் புத்தியெல்லாம் கிடையாதுக்கா. எதையும் ஒருதடவை கேட்டுக்கிருவேன், அவ்வளவுதான்.

இவ எங்கூடப் பேசுறதில்லக்கா. பெத்த தாய் எங்கூட. உங்ககிட்ட பேசுறா, பஸ் ஸ்டாண்டுல பூ விக்கிற அம்மாகிட்ட பேசுறா, டிக்கெட் கிழிக்கிறவர்ட்ட விசில் எப்படிச் சத்தம் போடுதுன்னு கேக்குறா. என்னைக் கண்டா வாயில பூட்டு. ஆறு வயசுப் பிள்ளை. ஆடி மாசத்துல இருந்து ஒரு வார்த்தை கிடையாது. அதுக்குத்தான் இப்பக் கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போறேன். சாத்தூருக்கு அங்குட்டு ஒரு ஊர்ல இருக்காரு, உடுக்கடிச்சு குறி சொல்லுவாராம். யாரு என்ன செய்வினை வச்சிருந்தாலும் எடுத்துருவாராம். எம்பிள்ளைக்கு வச்சிருக்காங்கக்கா. வச்சது யாருன்னும் எனக்குத் தெரியும்.

மெதுவாத்தான் சொல்லணும். ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருக்கிறவ மாதிரி இருப்பா, காது இங்கதான் இருக்கும்.

என் பேரு பஞ்சவர்ணம். தீப்பெட்டி ஆபீஸ்ல டப்பா அடைக்கிறேன். இவ பேரு சஷ்மிதா. அவுக அப்பா வச்ச பேரு. பேரை வச்சிட்டு அவரு திருப்பூருக்குப் போயிட்டாரு, பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும்தான் வருவாரு. வீட்டுல நானும் இவளும்தான். எனக்கு இவ, இவளுக்கு நான்.

பிறந்ததுல இருந்து ஒண்ணாப்பு சேர்ற வரைக்கும் இவ என்னைத் தவிர ஒருத்தர்ட்டயும் பேசுனதில்லக்கா. ஊமையெல்லாம் இல்ல! வீட்டுக்குள்ள வாய் மூடாது. எறும்பு எங்க போகுது, குக்கர் ஏன் கத்துதுன்னு எம்பின்னாலயே வரும். வாசல் தாண்டிட்டா பேச்சு நின்னுரும். பால்வாடியில பேசல. சொந்தக்காரங்ககிட்ட பேசல. கடைக்குப் போனா எங்காதுல சொல்லும், நான் கடைக்காரர்ட்ட சொல்லுவேன். அவுக அப்பா போன்ல கூப்பிட்டாக்கூட எங்கிட்டதான் சொல்லும், நான்தான் அவருக்குச் சொல்லணும். அவ வாயே நாந்தான்.

ஒருதடவை ஒரு டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். சில பிள்ளைக இப்படி இருக்கும், பயம்தான், மாசாமாசம் கூட்டிட்டு வாங்க, பேச வச்சுரலாம்னு அந்தம்மா சொன்னாங்க. நான் அதுக்குப் பிறகு போகல. எதுக்குப் போகணும்? எங்கிட்டதான் பேசுதே. ஊர்ல இருக்கிற அம்புட்டு பேர்ட்டயும் பேசி என்ன ஆகப்போகுது?

ஒண்ணாப்பு சேத்தப்பதான் அந்த எழிலரசி டீச்சர் எங்க ஊருக்கு மாத்தலாகி வந்துச்சு. ராமநாதபுரம் பக்கமாம். அந்தப் பக்கத்து ஆளுகளை நான் ஒண்ணும் சொல்லலக்கா, எங்க சித்தியைக்கூட அங்கதான் குடுத்திருக்கு. ஆனா அம்புட்டு தூரத்துல இருந்து எதுக்கு எங்க ஊருக்கு வரணும்? இடையில ஊரே இல்லையா? கல்யாணமாகி ரொம்ப வருசம், பிள்ளை இல்ல. அதையும் நான் குத்தமாச் சொல்லல. பிள்ளை இல்லாதவளுக்கு அடுத்தவ பிள்ளை மேல அம்புட்டுப் பிரியம் எங்கிருந்து வரும்னு கேட்டேன், கேக்கக் கூடாதா?

வந்த கொஞ்ச நாள்லயே இவ வீட்டுல வந்து சொல்றா, "அம்மா, நாளைக்கு எலுமிச்சம்பழம் ஒண்ணு, மஞ்சத்தூள் ஒரு கரண்டி, வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பு கொஞ்சம் டீச்சர் கொண்டாரச் சொன்னாங்க."

நீங்களே சொல்லுங்கக்கா. எலுமிச்சம்பழம், மஞ்சள், சுண்ணாம்பு. படிக்கிறதுக்குக் கேக்குற சாமானா இது? சிலேட்டு கேளு, குடுக்கிறேன். கலர் பென்சில் கேளு, குடுக்கிறேன். எலுமிச்சம்பழத்தை வச்சு என்ன அனா ஆவன்னா சொல்லிக்குடுப்ப?

குடுக்காமலும் இருக்க முடியாது, பிள்ளை அழுகும். குடுத்தேன். ஆனா பழத்துல காம்புகிட்ட நகத்தால ஒரு கீறல் போட்டுத்தான் குடுத்தேன். நம்ம பழம் எங்க போயி எங்க வருதுன்னு நமக்குத் தெரியணும்ல. சாயங்காலம் பையைத் திறந்து பாத்தா பாதிப் பழம் வந்திருக்கு, கீறல் இருக்கிற பாதி. மத்த பாதி எங்க? அதைக் கேட்டா பிள்ளைக்குச் சொல்லத் தெரியல.

"என்னடி செஞ்சீங்க?"ன்னு கேட்டேன். துள்ளித் துள்ளிச் சொல்றா. காகிதத்தை மஞ்சத் தண்ணியில நனைச்சுக் காய வச்சாங்களாம். அதுல சுண்ணாம்புத் தண்ணியை விரலால தொட்டு வச்சா ரத்தமாச் சிவந்துருச்சாம். அதுமேல எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சா திரும்ப மஞ்சளா ஆயிருச்சாம்.

எனக்குத் திக்குன்னு ஆயிருச்சுக்கா. மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா சிவக்கும்னு எனக்குத் தெரியாதா? ஆரத்தி கரைக்காத பொம்பளை உண்டா? ஆரத்தி எதுக்கு எடுக்கிறோம்? கண்ணு கழிக்கிறதுக்கு. கழிச்ச தண்ணியை வாசலைத் தாண்டிக் கொண்டுபோய் ஊத்திட்டுத் திரும்பிப் பாக்காம வாரோம். இந்த டீச்சரு அந்தச் சிவப்பை எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு பழையபடி மஞ்சளாக்கியிருக்கு. அப்படின்னா என்ன அர்த்தம்? கழிச்சு ஊத்துனதைத் திருப்பிக் கூப்பிடுதுன்னுதானே அர்த்தம்? அதையும் எம்பிள்ளை விரலை வச்சுச் செஞ்சிருக்கு!

சும்மா அடுத்தவங்க மேல பழி போடக் கூடாதுன்னு நானே அடுப்படியில செஞ்சு பாத்தேன். மிச்சமிருந்த பாதிப் பழத்தைப் பிழியல, அது பள்ளிக்கூடம் போய்வந்த பழம். வேற புதுப் பழம் வாங்கி, புது மஞ்சள், புதுச் சுண்ணாம்பு. சிவந்துச்சு. பிழிஞ்சேன், மஞ்சளாயிருச்சு. இன்னொருதடவை செஞ்சேன், அப்பவும் ஆயிருச்சு. அப்பத்தான்க்கா எனக்கு எல்லாம் விளங்குச்சு. மந்திரம் தெரியாத எங்கையிலயே திரும்புதுன்னா, அதைப் பிள்ளை கையில ஏத்தி வீடு வரைக்கும் அனுப்பிருச்சுன்னுதானே ஆகுது?

கூட நின்னு பாத்துக்கிட்டு இருந்த இவ கையைத் தட்டுறா. "அம்மா, நீயும் டீச்சர் மாதிரி செய்யுற!"ன்னா. ஓங்கி ஒண்ணு வச்சேன்.

அடுத்து சீப்பு. ஆளுக்கொரு சீப்பு கொண்டாங்கன்னு. தலையைப் பரபரன்னு சீவிட்டு, அந்தச் சீப்பைப் பொடிக் காகிதத்துகிட்ட காட்டுனா காகிதம் எந்திரிச்சு வந்து ஒட்டுதாம். இங்க இருந்து பாத்தா விளையாட்டு. ஆனா தலைமுடியில என்ன வேணும்னாலும் செய்யலாம்னு உங்களுக்குத் தெரியாதா? அதனாலதானே சீவுற முடியைச் சுருட்டி, எச்சியைத் துப்பித் தூரப் போடுறோம். நான் எங்க தீப்பெட்டி ஆபீஸ்ல சொன்னேன், இப்படி இப்படின்னு. அங்க ஒருத்தி, "இதெல்லாம் அறிவியலுடி, காரணம் இருக்கும்"னா. காரணம் இருக்கட்டும். நான் காலம்பூரா தீக்குச்சியோட கிடக்கிறவ. உரசுனா ஏன் பத்துதுன்னு என்னைக்காவது கேட்டிருக்கேனா? நல்ல பொம்பளைக்கு எதுக்கு அதெல்லாம்?

இப்பத்தான்க்கா முக்கியமான இடம்.

ஒருநாள் வேலைவிட்டு வாரேன், பக்கத்து வீட்டுச் சண்முகக்கனி வாசல்லயே மறிச்சுட்டா. அவ மகளும் இவளும் ஒரே வகுப்பு. "ஏ பஞ்சவர்ணம், ஒம்மக இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல பேசிருச்சாமே!"ன்னா. நான் சிரிச்சேன். எம்மகளாவது பேசவாவதுன்னு. அவ சத்தியம் பண்றா. டீச்சரு வாளியில தண்ணி வச்சு, எது மிதக்கும் எது முங்கும்னு ஒவ்வொண்ணாப் போட்டுப் பாக்கச் சொல்லுச்சாம். கமலாப்பழத்தைத் தோலோட போட்டா மிதந்துச்சாம். உரிச்சுப் போட்டா முங்கிருச்சாம். உடனே எம்மக எந்திரிச்சு, "ஏன் டீச்சர்?"னு கேட்டுருச்சாம். சத்தமா. வகுப்புல எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பாத்துச்சாம்.

எம்பிள்ளை வெளி ஆள்ட்டப் பேசுன முத வார்த்தை. அது எனக்கு அடுத்த வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியுது. நான் அந்நேரம் குச்சியை டப்பாவுல அடைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

சந்தோசமாத்தான் இருந்துச்சு. இல்லங்கல. சண்முகக்கனிக்குக் காப்பி போட்டுக் குடுத்தேன். ஆனா அவ போனதுக்குப் பிறகு அழுகை வந்துச்சுக்கா, ஏன்னே தெரியல. பெத்தவ எத்தனை சாமிக்கு நேந்தேன், அப்பப் பேசாத பிள்ளை ஒரு வாளித் தண்ணியைப் பாத்துப் பேசுதுன்னா அந்தத் தண்ணியில என்ன இருந்திருக்கும்? யோசிச்சுப் பாருங்க.

அதுக்குப் பிறகு தினமும் பேச்சுதான். டீச்சர்ட்டப் பேசுறா, பிள்ளைகள்ட்டப் பேசுறா, சத்துணவு ஆயாட்டப் பேசுறா. கடையில எங்காதுகிட்ட வராம நேரா, "அண்ணாச்சி, கடலை மிட்டாய்"ங்கிறா. கடைக்காரர் என்னைப் பாத்துச் சிரிக்கிறாரு. நானும் சிரிச்சேன். என்ன பண்ண? வீட்டுக்கு வந்தா டீச்சர் புராணம். டீச்சர் சொன்னாங்க, டீச்சர் கேட்டாங்க. நான் என்ன சொன்னாலும், "நீ பாத்தியாம்மா, இல்ல நெனச்சுக்கிட்டியா?"ங்கிறா. டீச்சர் அப்படித்தான் கேக்கச் சொல்லிக் குடுத்திருக்காம். பெத்த தாயைப் பாத்துப் பிள்ளை கேக்குற கேள்வியா அது?

குடை குடுக்கப் போற சாக்குல நான் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பு ஜன்னல்ல தேங்காச் செரட்டையா அடுக்கியிருக்கு. மண்ணு போட்டுப் பாசிப்பயறு ஊனியிருக்காங்க, நல்லா பச்சையா வந்திருக்கு. ஒவ்வொண்ணுலயும் பிள்ளைக பேரு எழுதி ஒட்டியிருக்கு. எம்பிள்ளை பேரைத் தேடுறேன், இல்ல. "எங்க பிள்ளைது எங்க?"ன்னேன். டீச்சரு சிரிச்சுக்கிட்டே பீரோவைத் திறந்து காட்டுது. உள்ள, கும்மிருட்டுல, சஷ்மிதான்னு பேரு எழுதுன செரட்டை. வெளுத்து, மஞ்சப் பூத்து, நூல் கணக்கா நீண்டு தலை தொங்கிக் கிடக்கு பயிரு.

இருட்டுல வச்சா அப்படித்தான் வரும்னு எனக்குத் தெரியாதான்னு கேப்பீங்க. முளைப்பாரி வளக்கிற குடும்பம்க்கா நாங்க. வருசா வருசம் இருட்டு அறையில மூடி வச்சுத்தான் வளப்போம், மஞ்சளாத்தான் வரும். ஆனா அது அம்மனுக்கு. குளிச்சு, விரதமிருந்து, கும்மியடிச்சு வளக்கிறது. அதுல யாரு பேரையாவது எழுதுவோமா? பேரெழுதி இருட்டுல பூட்டி வைச்சா, அது பயிரை வைக்கிறதா, பேருக்காரியை வைக்கிறதா?

"பாதிப் பிள்ளைக வெளிச்சத்துல வச்சாங்க, பாதிப் பேரு இருட்டுல. ரெண்டும் எப்படி வருதுன்னு பாக்கத்தாம்மா. சஷ்மிதாதான் எனக்கு இருட்டு வேணும்னு கேட்டு வாங்குனா"ன்னு டீச்சரு சொல்லுச்சு. எம்பிள்ளையும் ஆமான்னு தலையாட்டுது. கேக்குமே, ஏன் கேக்காது? கேக்க வச்சா கேக்கும். அது பத்தாதுன்னு, "ரொம்ப நல்லாக் கேள்வி கேக்குறாம்மா, வீட்டுலயும் இப்படித்தானா?"ன்னு எங்கிட்ட ஒரு விசாரணை. எங்க வீட்டுல என்ன நடக்குதுன்னு இந்தம்மாவுக்கு எதுக்கு?

கண்டக்டரே, சாத்தூர் வந்தாச் சொல்லுங்கய்யா... இன்னும் இருக்காம். இவரு ஏன் நம்மளையே பாக்குறாரு? சரி, பாத்தாப் பாக்கட்டும்.

கடைசியா அந்தக் குழி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால, தண்ணிக் குழாய்கிட்ட. வேலைக்குப் போற பாதையில இருந்து பாத்தாத் தெரியும். சின்னதா மண்ணு மேடு, சுத்திக் கல்லு வச்சு, நடுவுல குச்சி ஊனியிருக்கு. நான் ரெண்டு மூணு நாள் பாத்துக்கிட்டே போனேன். மனசு கேக்கல. ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு, மத்தியானம் களைக்கொத்தியை முந்தானையில மறைச்சுக்கிட்டுப் போய்த் தோண்டிட்டேன்.

என்ன இருந்துச்சு தெரியுமா? கறுத்துப்போன எலுமிச்சந்தோல். அப்பவே நினைச்சேன், அந்த மத்த பாதி எங்கடான்னு. அப்புறம் மக்குன இலை. பாலித்தீன் பை. ஒரு பிளாஸ்டிக் கரண்டி. அதுக்கடியில, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுன ஒரு கத்தை முடி. எம்பிள்ளை முடிக்கா. நான் எண்ணெய் வச்சுச் சீவுற முடி எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு ஓடிவந்து இவ தலையைத் துழாவிப் பாக்கிறேன், காதுக்குப் பின்னால ஒரு கொத்து வெட்டியிருக்கு. "யாருடி வெட்டுனா?"ன்னேன். பயந்துபோய்க் காதைப் பொத்திக்கிட்டு ஓடுறா. இதுக்கு மேல என்ன வேணும்?

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துல பெத்தவங்க கூட்டம். அந்தக் குழியில எடுத்த அம்புட்டையும் பேப்பர்ல மடிச்சுக் கொண்டுபோனேன். பெரிய சார் மதிய உணவைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தாரு. நான் நேராப் போய் மேசையில விரிச்சுட்டேன். சண்முகக்கனி எந்திரிச்சு மகளை இழுத்து முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டா. ஆம்பளைகளும் ஒரு அடி தள்ளி நின்னாங்க. படிச்சவங்கதான், டிராக்டர் வச்சிருக்கிறவங்கதான். ஆனா எலுமிச்சந்தோலும் முடியும் சேந்து ஒரு குழியில கிடந்தா யாருக்குத்தான் உதறாது?

டீச்சரு எந்திரிச்சு, "எது மண்ணுல மக்கும், எது மக்காதுன்னு பாக்கறதுக்குப் பிள்ளைகளை வச்சுப் புதைச்சோம் சார்"னுச்சு. "முடி எப்படி வந்துச்சு?"ன்னாரு பெரிய சார். டீச்சரு, "பிள்ளைக ஆளுக்கொண்ணு போட்டாங்க, நான் முடியைக் கவனிக்கல"ன்னு இழுக்குது. கவனிக்கலையாம்!

நான் விடல. "டீச்சர்தான் கத்தரிச்சாங்க. நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன்"னு சொன்னேன்.

பாக்கலதான். ஆனா பாத்த மாதிரிதானேக்கா? வெட்டுன முடி இருக்கு. வெட்டுன இடம் தலையில இருக்கு. நடுவுல கத்தரிக்கோலை மட்டும்தான் நான் பாக்கல. அது ஒரு பொய்யா? ஊரு நல்லதுக்குத்தானே சொன்னேன்.

அப்பத்தான் வராந்தாவுல இருந்து உள்ள வந்துட்டா இவ. யாரும் கூப்பிடல. அம்புட்டுப் பேரு நடுவுல வந்து நின்னு, "அம்மா பாக்கல"ன்னா. எம்புட்டுச் சத்தம்ங்கிறீங்க. "முடியை நான்தான் வெட்டுனேன். வீட்டுல, அம்மா கத்தரிக்கோலை வச்சு. முடி மக்குமா மக்காதான்னு பாக்கத்தான் போட்டேன். பரீட்சை லீவு விட்ட பிறகுதான் தோண்டணும். அம்மா இப்பவே தோண்டிருச்சு"ன்னு சொல்லிட்டு ஒரே அழுகை. நான் பொய் சொன்னேன்னு அழுகலக்கா. நாள் ஆகுறதுக்கு முந்தித் தோண்டிட்டேன்னு அழுகுறா.

அங்க இருந்தவங்கள்ல பாதிப் பேரு இவ குரலை அன்னைக்குத்தானே கேக்குறாங்க. நானும் இவ வெளிய அம்புட்டு நீளமாப் பேசி அன்னைக்குத்தான் கேட்டேன். நல்ல கணீர்னு இருக்கும்க்கா குரல். அந்தச் சமயம் பிள்ளையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிறணும்னு கை நீண்டுச்சு, சத்தியமா நீண்டுச்சு.

ஆனா எல்லாரும் என்னையவே பாக்குறாங்க. டீச்சரும் பாக்குது. அதுக்குக் கண்ணுல தண்ணி, முகத்துல சிரிப்பு. என்னமோ அதுவே பெத்த மாதிரி.

"இது எம்பிள்ளையே இல்ல!"ன்னு கத்திட்டேன். "எம்பிள்ளை வெளிய பேசாது, உங்க எல்லாருக்கும் தெரியும். பெத்த தாயைச் சபையில வச்சு எதுத்துப் பேசுறது எம்பிள்ளை குரல் இல்ல. உள்ள இருந்து வேற ஏதோ பேசுது, கேளுங்க! வச்சவளைக் கேளுங்க!"ன்னேன்.

அவ்வளவுதான், கூட்டம் என் பக்கம் திரும்பிருச்சு. நேத்து வரைக்கும் பேசாத பிள்ளை இன்னைக்கு எப்படி வக்கீல் மாதிரிப் பேசும்னு ஒரு பெரியவர் கேட்டாரு. பாருங்க, நான் கேக்கல, அவரு கேட்டாரு. மறுநாள்ல இருந்து பாதிப் பேரு பிள்ளைகளை அனுப்பல. மேல இருந்து ஆபீசர் வந்து விசாரிச்சுட்டுப் போனாரு. மாசம் முடியுறதுக்குள்ள டீச்சருக்கு மாத்தல் வந்துருச்சு.

போறதுக்கு முந்தி அது எங்க வீட்டு வாசலுக்கு வந்துச்சுக்கா. உள்ள கூப்பிடல நான். நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். சண்டைக்கு வருதுன்னு பாத்தா, மெதுவா, "பேச ஆரம்பிச்சிருக்காம்மா. அதை மட்டும் விட்டுறாதீங்க. அவ சொல்றதை நம்புறேன்னு ஒருதடவை அவகிட்டச் சொல்லிருங்க"ன்னுச்சு. விட்டுறாதீங்கன்னா என்ன அர்த்தம்? விட்டா என்ன செய்வ? மிரட்டல்தானே அது? நான் கதவைச் சாத்திட்டேன்.

இப்ப வந்திருக்கிற டீச்சர் தங்கமான டீச்சர். கரும்பலகையில எழுதிப் போடுவாங்க, பிள்ளைக பாத்து எழுதும். யாரும் இடத்தை விட்டு அசையக் கூடாது. எலுமிச்சம்பழம் கிடையாது, சீப்பு கிடையாது.

இவ மட்டும் சரியாகல. அந்தக் கூட்டத்துல நான் கத்துனேன்ல, அப்ப என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அழுகையை நிறுத்திட்டா. அன்னைக்கு மூடுன வாய்தான் எனக்கு. மத்த எல்லாருக்கும் திறந்துதான் இருக்கு. அவுக அப்பா போன்ல கூப்பிட்டா ஓடிப்போய் எடுத்து, தவளை எப்படித் தண்ணிக்குள்ள மூச்சு விடுதுன்னு பேசுறா, சிரிக்கிறா. நான் அடுப்படியில பாத்திரத்தை உருட்டாமக் கேட்டுக்கிட்டு நிப்பேன். தலையை நீட்டுனா நிறுத்திருவா. "பேசுறாள்ல, சந்தோசப்படுடி"ங்கிறாரு அவரு. அவருக்கென்ன, அவர்ட்டப் பேசுறா.

சோறு போட்டா சாப்பிடுவா. தலைசீவ உக்காரச் சொன்னா உக்காருவா. அடம் கிடையாது, கோபம் கிடையாது. எதுத்துக் கத்துனாக்கூட எனக்கு நிம்மதியா இருக்கும். "ஏம்மா"ன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டாளான்னு தவிக்குதுக்கா. முந்தியெல்லாம் இந்த ஏன் ஏன்னு கேட்டு உசிரை வாங்குவா, சும்மா இருடின்னு அதட்டுவேன். இப்ப வீடு கம்முனு கிடக்கு. எறும்பு போனாக்கூட நான்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.

எல்லார்ட்டயும் பேசுறவ எங்கிட்ட மட்டும் பேசலைன்னா அது செய்வினை இல்லாம வேற என்ன? நீங்களே சொல்லுங்க. வேற என்ன காரணம் இருக்க முடியும்? நான் என்ன செஞ்சேன் அவளுக்கு?

ஏன்க்கா பேசாம இருக்கீங்க? நீங்களும் அந்த டீச்சர் கட்சியா?

இருங்க, உங்க சேலையைப் பிடிச்சு இழுக்கிறா பாருங்க. என்னவாம்? குனிஞ்சு கேளுங்க, எங்கிட்டச் சொல்ல மாட்டா. என்ன சொல்றா?

தண்ணி வேணுமாமா?

எப்படிச் சொன்னா? அப்படியே சொல்லுங்க. "எங்கம்மாட்டத் தண்ணி கேளுங்க"ன்னா? எங்கம்மான்னா சொன்னா? நல்லாக் கேட்டீங்களா, இல்ல எனக்காக நீங்களாச் சேத்துச் சொல்றீங்களா? எங்கம்மான்னுதான் சொன்னாளா?

இந்தாங்க பாட்டில். மூடியைத் திருகித்தான் தந்திருக்கேன், அவளுக்குத் திறக்க வராது. நீங்களே குடுங்க. என் கையால நீட்டுனா வாங்க மாட்டா, நா வறண்டாலும் அப்படியே இருந்துருவா.

நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். நான் பாத்துக்கிட்டு இருந்தாக் குடிக்க மாட்டா. குடிச்சாளான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க.